தடவும் கையின் அறம்

நல்லெண்ணத்தோடு செய்த ஒரு செயல் இன்னோர் உயிருக்குத் தீங்காக முடிந்தால், அதை இம்சை என்று சொல்லலாமா? இந்தியச் சமயங்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டுவரும் கேள்வி இது. வேட்டையையும் உழவையும் ஊனுணவையும் முன்வைத்தே அந்த வாதம் பெரும்பாலும் நடந்திருக்கிறது. அவற்றைவிடக் கூர்மையான ஓர் எடுத்துக்காட்டு இன்று மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறது. உயிரைக் காக்கத் தோலில் தடவப்படும் ஒரு கிருமிநாசினி, குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் தைராய்டு சுரப்பியை முடக்கிவிடக்கூடும். அங்கே கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. மருந்தும் நல்ல மருந்து. ஆனாலும் தீங்கு நேர்கிறது. அந்தத் தீங்குக்குப் பெயர் என்ன, பொறுப்பு யாருடையது என்று எண்ணிப் பார்த்தால், அகிம்சை என்னும் அறம் நல்லெண்ணத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பது தெளிவாகும். கைக்கு அடியில் இருக்கும் உயிர் எவ்வளவு தாங்கும் என்று அறிந்துகொள்வதும் அந்த அறத்தின் பகுதி. அப்பகுதியை விட்டுவிட்டால் எஞ்சியிருப்பது இரக்கம் மட்டுமே. இரக்கம் தனியாக நின்று யாரையும் காப்பதில்லை.

முதலில் மருந்தைப் பார்ப்போம். போவிடோன் அயோடின் என்றால் பலருக்குத் தெரியாது. பீட்டாடைன் என்றால் எல்லோருக்கும் தெரியும். சிராய்த்த முழங்காலிலிருந்து அறுவை அரங்குவரை புழங்கும் பழுப்புத் திரவம் அது. பழைய டிங்சர் அயோடின் புண்ணில் பட்டால் தீயாய் எரியும். 1955இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அயோடினை ஒரு பாலிமரோடு பிணைத்து, சிறுகச் சிறுக வெளிப்படும்படி செய்தார்கள். எரிச்சல் தணிந்தது, கிருமியைக் கொல்லும் திறன் அப்படியே இருந்தது. பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ் என்று பலவகைக் கிருமிகளையும் அது அழிக்கிறது. அதை எதிர்த்து நிற்கக் கிருமிகள் எளிதில் பழகுவதும் இல்லை. விலை குறைவு, எங்கும் கிடைக்கிறது. பிறந்த குழந்தையின் கண்ணில் தொற்று வராமல் தடுக்க இதன் 2.5 சதவீதக் கரைசல் நன்றாக உதவுவதை 1990களில் கென்யாவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே இதை ஐயத்துக்குரிய சரக்காக யாரும் எண்ண வேண்டியதில்லை. இந்த வாதத்துக்கு வலுவே அதன் நற்பெயரிலிருந்துதான் வருகிறது. கெட்ட பொருளால் தீங்கு வருவதில் தத்துவச் சிக்கல் ஏதுமில்லை. நல்ல பொருளால், நல்லவர் கையால், நல்ல நோக்கத்தில் தீங்கு வரும்போதுதான் அறத்தைப் பற்றிய நம் எண்ணங்கள் சோதனைக்கு உள்ளாகின்றன.

27ஆம் வாரத்தில், ஒரு கிலோ எடையோடு பிறந்த ஒரு குழந்தையை எண்ணிக்கொள்வோம். தொப்புள் இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாய் செலுத்த வேண்டும். அதற்கு முன்பு வயிறு முழுக்கப் பழுப்புத் திரவம் தடவப்படுகிறது. மிஞ்சியது விலாவோரமாக வழிந்து, முதுகுக்கு அடியில் விரிப்பில் தேங்குகிறது. குழாய் பொருத்தும் அவசரத்தில் அந்த ஈரத்தை யாரும் கவனிப்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 சதவீதக் கரைசல் ஒரு மில்லிலிட்டரில் கிருமியைக் கொல்லக் கிடைக்கும் அயோடின் சுமார் 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்ரோகிராம். குறைமாதக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 மைக்ரோகிராம். அரைக் கரண்டிகூட நிறையாத அந்தத் திரவத்தில் அக்குழந்தையின் ஏறத்தாழ ஓராண்டுத் தேவை இருக்கிறது. அதில் நூறில் ஒரு பங்கு மட்டும் உடலுக்குள் சென்றாலும் மூன்று நாளுக்கு மேற்பட்ட தேவை ஒரே வேளையில் இறங்கிவிடும். அந்த வயதில் தோலின் மேலடுக்கு இன்னும் உருவாகி முடிந்திருக்காது. உள்ளே விடாமல் தடுக்கும் வேலையை அது இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பும் பெரியவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

அயோடின் தைராய்டுக்கு உணவு. அது குறைந்தால் முன்கழுத்துக் கழலையும் மூளை வளர்ச்சிக் குறையும் வரும் என்பதால்தான் உப்பில் அதைச் சேர்க்கிறோம். ஆனால் அது திடீரென்று மிகுந்தால், ஹார்மோன் உற்பத்தியைத் தைராய்டு தானே நிறுத்திக்கொள்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் எலிகளை ஆராய்ந்த வுல்ஃப், சைகாஃப் என்ற இருவர் இதை 1948இல் விளக்கினார்கள். அவர்கள் பெயராலேயே அந்த விளைவு இன்றும் அறியப்படுகிறது. வளர்ந்தவரின் சுரப்பி சில நாட்களில் இந்தத் தடையிலிருந்து மீண்டுவிடும். அயோடினை உள்ளே இழுக்கும் வாயிலைக் குறுக்கிக்கொண்டு வேலையைத் தொடரும். அப்படி மீளும் திறன் கருவில் ஏறத்தாழ 36ஆம் வாரத்தில்தான் முதிர்கிறது. 27ஆம் வாரத்தில் பிறந்த குழந்தையின் சுரப்பிக்கு நிறுத்தத் தெரியும், திரும்பத் தொடங்கத் தெரியாது. மூளை மிக வேகமாக வளரும் வாரங்கள் அவை. அந்த வளர்ச்சிக்கு இன்றியமையாத ஹார்மோன் அப்போதுதான் நின்றுபோகிறது.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமில்லை. ஆஸ்திரேலியாவில் ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவான குழந்தைகளிடம் நடந்து 1989இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், வழக்கமாக அயோடின் தடவப்பட்டவர்களில் நான்கில் ஒருவருக்குத் தைராய்டு குறைவின் அறிகுறி இரத்தத்தில் தெரிந்தது. குளோர்ஹெக்சிடின் பயன்படுத்திய குழந்தைகளில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. தடவப்படுவது குழந்தையின் உடலாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பிரசவத்தின்போது தாயின் தோலில் தடவியது நஞ்சுக்கொடி வழியே குழந்தையைச் சேரும். பிறகு தாய்ப்பால் வழியேயும் சேரும், ஏனெனில் பால் சுரப்பிகளுக்கு அயோடினைத் திரட்டிச் சேர்க்கும் இயல்பு உண்டு. பிறவியிலேயே வயிற்றுச் சுவர் மூடாத குழந்தைகள், இதய அறுவைக்குப் பின் நெஞ்சு திறந்த நிலையில் வைக்கப்பட்ட குழந்தைகள், பெரிய தீக்காயம் பட்டவர்கள், அயோடினை வெளியேற்ற முடியாத சிறுநீரக நோயாளிகள் என்று பாதிப்புக்கு ஆளாகக்கூடியவர்களின் பட்டியல் நீள்கிறது. முதியவர்களின் நெடுநாள் கழலையில் இதே அயோடின் நேர்மாறாகத் தைராய்டை முடுக்கிவிட்டு, இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கவும் கூடும். 1820இல் ஜெனீவாவில் கழலைக்கு அயோடினைக் கொடுத்துப் புகழ்பெற்ற கோயந்தே என்ற மருத்துவரின் காலத்திலேயே இந்த மறுபக்கமும் தலைகாட்டிவிட்டது. ஆக, இந்தப் பொருளின் இருமுகம் மருத்துவத்துக்குப் புதிதில்லை.

இனி தத்துவத்துக்கு வருவோம். பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தில் உபாலி சுத்தம் என்றொரு பகுதி உண்டு. மனம், வாக்கு, உடல் மூன்றில் எதன் செயல் தீமையில் பெரிது என்று புத்தரும் சமண இல்லறத்தாரான உபாலியும் நாளந்தாவில் வாதிடுகிறார்கள். உடலின் செயலே பெரிது என்கிறார் உபாலி. மனத்தின் செயலே பெரிது என்கிறார் புத்தர். எல்லாக் கட்டுப்பாடுகளையும் காக்கும் ஒரு துறவி நடக்கும்போது சிற்றுயிர்கள் மிதிபட்டு இறந்தால் என்ன என்று புத்தர் கேட்கிறார். எண்ணமின்றி நேர்ந்ததால் அது பெருங்குற்றம் ஆகாது என்று உபாலி ஒப்புக்கொள்ளும்போதே அவர் கட்சி தளர்ந்துவிடுகிறது. எண்ணமே வினை என்ற இந்த நிலைப்பாட்டில் பேருண்மை உண்டு. கொலைகாரன் கையில் இருக்கும் கத்தியையும் அறுவை மருத்துவர் கையில் இருக்கும் கத்தியையும் பிரித்துக் காட்டுவது அதுதான். இந்த அளவுகோலின்படி குழந்தையின் வயிற்றில் மருந்து தடவிய செவிலியரிடம் குற்றம் இல்லை. அந்தத் தீர்ப்பை நானும் ஏற்கிறேன். ஆனால் தீர்ப்பு அத்தோடு நின்றுவிட்டால் அடுத்த குழந்தைக்கும் அதுவே நடக்கும். குற்றமில்லை என்ற சொல் மனத்தை ஆற்றும். அதன்பின் கையை எப்படி வைத்துக்கொள்வது என்று அது சொல்வதில்லை.

சமண மரபு பிற்பாடு இதற்குச் சொன்ன விடை உபாலியின் விடையைவிட ஆழமானது. வந்தவாசிக்கு அருகிலுள்ள பொன்னூர் மலையோடு மரபு தொடர்புபடுத்தும் குந்தகுந்தர், தம் பிரவசனசாரத்தில் இம்சையை எண்ணத்திலும் வைக்கவில்லை, விளைவிலும் வைக்கவில்லை. கவனமின்மையில் வைக்கிறார். கவனமற்று நடப்பவன் காலடியில் உயிர் இறந்தாலும் இறக்காவிட்டாலும் அவன் இம்சை செய்தவனே. கவனத்தோடு நடப்பவனின் காலடியில் ஓர் உயிர் தப்பமுடியாமல் மாண்டாலும் அந்த இம்சை அவனைப் பிணிக்காது. அவர் கருத்தின் சாரம் இது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போதும் பிரமாதம் எனப்படும் அசட்டையையே முதலில் நிறுத்துகிறது. புத்தரும் இறுதியில் இதே இடத்துக்கு வருகிறார் என்பது வியப்பு. பரிநிர்வாணத்துக்கு முன் அவர் சீடர்களுக்குச் சொன்ன கடைசி அறிவுரை, அசட்டையின்றி முயலுங்கள் என்பதே. எண்ணம் பெரிதா, செயல் பெரிதா என்று தொடங்கிய சண்டை, இரண்டையும் இணைக்கும் கவனத்தில் வந்து சமாதானமாகிறது. நம் எடுத்துக்காட்டுக்குப் பொருந்தும் அளவுகோலும் இதுதான். எண்ணத்தை வைத்துப் பார்த்தால் எல்லோரும் விடுதலை; விளைவை வைத்துப் பார்த்தால் எல்லோரும் குற்றவாளி. கவனத்தை வைத்துப் பார்த்தால் மட்டுமே நாளை செய்ய வேண்டியது என்ன என்று தெரிகிறது.

கவனம் என்றால் எதன்மேல் கவனம்? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவோம். இங்கே அந்தப் பழமொழி போதாது. யாரும் அளவு மீறவில்லை. பெரியவர் ஒருவரின் வயிற்றில் தடவினால் துளியும் கேடு செய்யாத அதே கரைசல்தான் தடவப்பட்டது. அளவை நிர்ணயிப்பது அதைப் பெறும் உடல். வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் மருத்துவன் எண்ணிப் பார்க்க வேண்டியவற்றை அடுக்கும்போது நோயுற்றவனின் நிலையை முதலில் வைக்கிறார். நோயும் காலமும் பிறகே வருகின்றன. அந்த வரிசையில் ஓர் அறக்கொள்கை இருக்கிறது. நாம் கொடுப்பது எவ்வளவு நல்லது என்பதற்கு முன்னால், பெறுபவர் யார் என்ற கேள்வி வர வேண்டும். இன்னோர் அதிகாரமான பொச்சாவாமையில் அவர் மறதியைக் கடிகிறார். அங்கே முதலில் எச்சரிப்பது மகிழ்ச்சி மிகுதியால் வரும் மறதியை, அது மிகுந்த சினத்தைவிடத் தீது என்று. கிருமிநாசினியின் கதையும் அதுதான். அது தோற்றிருந்தால் நாம் விழிப்போடு இருந்திருப்போம். எங்கும் வெற்றி பெற்றதால் வழக்கமாகிவிட்டது. வழக்கமானதால் யார்மேல் தடவுகிறோம் என்ற கேள்வி மறைந்துபோனது.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு வலுவானது. குறைமாதக் குழந்தைகளைக் கொல்வது தைராய்டு குறைவு இல்லை, இரத்தத்தில் பரவும் தொற்று. தொற்றைத் தடுக்கும் மருந்தின்மேல் அச்சத்தைக் கிளப்பினால் உயிர்கள் போகும். ஹார்மோன் குறைந்தால் மாத்திரை உண்டு, இறந்த குழந்தைக்கு மருந்து இல்லை. இது முழு உண்மை. அயோடினை ஒதுக்கி வைப்பதும் விடையாகாது. மாற்றாகச் சொல்லப்படும் குளோர்ஹெக்சிடின், மிகவும் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் தோலைச் சுட்டுப் புண்ணாக்கிய நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. குற்றமற்ற பொருள் என்று ஒன்று இந்த உலகில் இல்லை. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை வீழ்த்தவில்லை, அதற்குத் துணையாகவே நிற்கிறது. எந்தப் பொருளை எடுத்தாலும் தீங்கின் வாய்ப்பு உண்டு என்றால், நல்லதைத் தேர்ந்துவிட்டோம் என்ற நிறைவில் யாரும் ஓய முடியாது. தேவையான இடத்தில் மட்டும் தடவுவது, தேங்க விடாமல் ஒற்றி எடுப்பது, வேலை முடிந்ததும் சலைனால் துடைப்பது, மாற்று இருந்தால் எண்ணிப் பார்ப்பது ஆகியவற்றில் எதுவும் தொற்றுக்கு வழிவிடாது. கிருமிகளைக் கொல்ல மருந்துக்குச் சில நிமிடம் போதும். அதன்பின் தோலில் கிடக்கும் ஈரத்தால் குழந்தைக்கு ஒரு பயனும் இல்லை.

இரண்டாவது மறுப்பு: இந்தக் குறைவு பெரும்பாலும் தற்காலிகமானது, சில வாரங்களில் தானாகவே சரியாகும், ஆய்வு முடிவுகளும் ஒன்றுபோல இல்லை. மேற்கு ஐரோப்பாவில் அடிக்கடி கண்ட பாதிப்பை வட அமெரிக்காவில் அந்த அளவுக்குக் காணவில்லை. தாய்மார்களின் உடலில் முன்பே அயோடின் போதுமானதாக இருந்ததை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். அப்படியிருக்க, உறுதிப்படாத ஒன்றை அறப்பிரச்சினை ஆக்கலாமா? ஆக்கலாம் என்றே நினைக்கிறேன், இரு காரணங்களால். தற்காலிகம் என்ற சொல் பெரியவர்களின் நாட்காட்டியில் இருந்து வருகிறது. நமக்கு நான்கு வாரம் கடந்துபோகும் காலம். 27ஆம் வாரத்தில் பிறந்த மூளைக்கு அது திரும்பி வராத பருவம். இரண்டாவதாக, ஆய்வுகள் வேறுபடுவதே, தாங்கும் திறன் உடலுக்கு உடல், ஊருக்கு ஊர் மாறும் என்பதற்குச் சான்று. அதனால்தான் பார்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. தீங்கு உறுதியா என்று தெரியாத இடத்தில், தவிர்க்கும் செலவு ஒரு பஞ்சும் கொஞ்சம் சலைனும் ஓர் இரத்தப் பரிசோதனையும் மட்டும் என்றால், ஐயத்தின் பலன் குழந்தைக்கே போக வேண்டும். பெரிய செலவு கேட்கும் எச்சரிக்கைக்குப் பெரிய சான்று கேட்கலாம். சிறிய செலவு கேட்கும் எச்சரிக்கைக்கு நியாயமான ஐயம் போதும்.

மூன்றாவது மறுப்பு மனிதாபிமானம் சார்ந்தது. ஓர் இரவுப் பணியில் சக்திக்கு மீறிய எண்ணிக்கையில் குழந்தைகளைப் பார்க்கும் செவிலியரிடம், அசட்டையும் இம்சையே என்று சொல்வது கொடுமை ஆகாதா? அவர்மேல் குற்றத்தைச் சுமத்தினால் கொடுமைதான். சமண மரபு கவனத்தை மனநிலையாக விட்டுவிடவில்லை என்பதை இங்கே நினைவுகொள்ள வேண்டும். நடப்பது, பேசுவது, உணவு ஏற்பது, பொருளை எடுத்து வைப்பது, கழிவை அகற்றுவது என ஐந்து இடங்களில் அதைச் சமிதி என்னும் ஒழுங்குகளாக மாற்றிவைத்தது. திகம்பரத் துறவி உட்காருமுன் மயிற்பீலியால் தரையை வருடுகிறார். அன்று அவர் மனம் சோர்ந்திருந்தாலும் பீலி தன் வேலையைச் செய்துவிடும். மருத்துவமனைக்கும் அப்படியொரு பீலி வேண்டும். எத்தனை வாரக் குழந்தைக்கு எந்தக் கிருமிநாசினி என்று சுவரில் எழுதியிருக்க வேண்டும். குழாய் பொருத்தும் தட்டிலேயே துடைக்கும் சலைன் வைத்திருக்க வேண்டும். தைராய்டு குறைவைக் கண்டறிய 1970களில் கனடாவின் கியூபெக்கில் தொடங்கிய இரத்தச் சொட்டுப் பரிசோதனை, பிறந்த சில நாட்களில் குதிகாலில் குத்திச் செய்யப்படுவது. அயோடினின் விளைவு அதற்குப் பிறகு தோன்றக்கூடும். ஆகவே அயோடின் பட்ட குறைமாதக் குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அளவை மறுபடி பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அதை எழுதவும் வேண்டும். இந்தியா முழுவதும் எல்லாப் பச்சிளங்குழந்தைகளுக்கும் தைராய்டு பரிசோதனை இன்னும் நடைமுறைக்கு வராத நிலையில் இந்தக் குறிப்பின் மதிப்பு இன்னும் கூடுகிறது. பொறுப்பு தனிக் கையிலிருந்து நிறுவனத்துக்கு நகர்கிறது. நகரும்போது கூடுகிறதேயன்றிக் குறையவில்லை. பல நாடுகளில் மருந்தின் உள்ளே வைத்த தாளிலேயே மிகக் குறைந்த எடையுள்ள குழந்தைகளைப் பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. அச்சிட்ட எச்சரிக்கையை நடைமுறை ஆக்காத நிறுவனம் அறியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது.

கடைசி மறுப்பு தத்துவத்தின் உள்ளிருந்தே எழுகிறது. எல்லாவற்றிலும் தீங்கு ஒளிந்திருக்கிறது என்றால் மனிதன் அசையவே முடியாதே. எல்லையற்ற கவனம் செயலைக் கொன்றுவிடாதா? சமணம் இந்த அச்சத்தை அறிந்தே இல்லறத்தாருக்கு வேறு கணக்கு வைத்தது. திட்டமிட்டுக் கொல்வதை முற்றிலும் விலக்கச் சொன்னது. சமைப்பதிலும் உழுவதிலும் தவிர்க்கமுடியாமல் நேர்வதைக் குறைக்கச் சொன்னது. எல்லா உயிர்மேலும் எல்லா நேரமும் ஒரே அளவு கவனம் என்று அது கேட்கவில்லை. வலுவில்லாத உயிர்முன் கவனம் கூட வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறக்கூடிய பாடம். முழங்காலில் சிராய்ப்போடு வரும் பள்ளிச் சிறுவனுக்குப் பீட்டாடைன் தடவும்போது தைராய்டைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. யோசிக்க வேண்டிய இடங்கள் சில, அவை யாவும் தெரிந்தவை. இது சமத்துவத்தைப் பற்றியும் ஒன்றைச் சொல்கிறது. எல்லோருக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே முறை என்பது பார்வைக்கு நடுநிலை. ஆனால் அந்த முறை வலுவுள்ள உடலை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. வலுவற்ற உடல் அதற்கு விலை கொடுக்கிறது. உயிர்கள் எல்லாம் ஒரே மதிப்புள்ளவை என்று நம்புகிறவர் அவற்றை வேறு வேறாக நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த வாதம் மருத்துவமனையோடு நிற்பதில்லை. கற்பிப்பவர், தானம் செய்பவர், திட்டம் வகுப்பவர், குழந்தையைக் கண்டித்து வளர்க்கும் பெற்றோர் எல்லோரும் தம் நன்மையை வேறொருவர் உடலிலோ மனத்திலோ தடவுகிறவர்களே. நம் நோக்கம் தூயது என்ற நம்பிக்கை எதிரில் இருப்பவரைப் பார்க்கும் கடமையிலிருந்து நம்மை விடுவிப்பதாக எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அந்த நம்பிக்கைதான் கடமையைத் தொடங்கிவைக்கிறது. தீமை செய்ய வந்தவன் தன் எதிரியை நன்றாகப் பார்த்துத்தான் அடிக்கிறான். நன்மை செய்ய வந்தவர்கள் அந்த அளவுக்காவது பார்க்க வேண்டாமா? குறைமாதக் குழந்தைக்குத் தன் சுரப்பி நின்றுபோனதைச் சொல்லத் தெரியாது. அழுகைகூட ஓங்கி வராது. சொல்ல முடியாதவரிடம் கேட்டுச் செய்ய வழியில்லை என்பதால், அவருக்காக முன்பே அறிந்து, எழுதிவைத்து, துடைத்து, மறுபடி சோதித்துப் பார்க்கும் பொறுப்பு முழுவதும் நம்முடையது. அந்தப் பொறுப்பை ஏற்ற பிறகு நேரும் தீங்குக்கு வருந்தலாம். அதை ஏற்காமல், நல்லதைத்தானே செய்தோம் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.